கடலில் எறிந்த இரண்டு கற்கள்

'தசாவதாரம்' என்று சொன்னாலே இப்போது சிரிப்புதான் வருகிறது. பல்ராம் நாயுடு, புஷ், கூரையை முட்டுகிற கலிஃபுல்லா கான், மாவு பிசைந்து ஒட்டியது போல ஃப்ளெட்சரின் முகம் என்று பத்து வேஷமும் மீம்களாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. 2008 ஜூன் 13 அன்று வெளியாகி வசூலை அள்ளிய படம். அதைப் போய் கவனிக்கப்படாத படம் என்று சொன்னால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அந்தப் படத்துக்குள்ளே இன்னொரு சின்னப் படம் இருக்கிறது. தொடக்கத்தில் வருகிற பத்துப் பன்னிரண்டு நிமிடம். மதத்தின் பேரால் நடக்கும் கொடுமையைப் பற்றித் தமிழில் எடுத்த சரித்திரப் படங்களில் எனக்கு முக்கியமானது அதுதான். பின்னால் வந்த இரண்டரை மணி நேர ஓட்டத்தில் அது அடிபட்டுப் போய்விட்டது.

மறந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 12ஆம் நூற்றாண்டு, சிதம்பரம். இரண்டாம் குலோத்துங்க சோழனாக நெப்போலியன். தில்லைக் கோயிலுக்குள் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜப் பெருமாளை அகற்றிக் கடலில் போடச் சொல்கிறான். ரங்கராஜ நம்பி என்ற வைணவர் தடுக்கிறார். அவர் உடம்பில் கொக்கிகளை மாட்டி அந்தரத்தில் தூக்குகிறார்கள். ஐந்தெழுத்தைச் சொன்னால் உயிர் பிழைக்கலாம். வாயால் சொன்னால் போதும். மனைவி கோதை கெஞ்சுகிறாள். நம்பி எட்டெழுத்தைச் சொல்கிறார். பெருமாள் சிலையோடு சேர்த்து அவரைக் கட்டி, படகில் ஏற்றிக்கொண்டுபோய், நடுக்கடலில் தள்ளிவிடுகிறார்கள். பின்னால் வாலி எழுதி ஹரிஹரன் பாடிய பாட்டு. வாலி ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். நம்பியாக நடித்தவரும் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கடவுள் இல்லை என்று மேடையேறிப் பேசியவர். நம்பிக்கை உள்ள ஒருவரும் இல்லாத ஒருவரும் சேர்ந்து, ஒரு பக்தனின் சாவை இவ்வளவு மரியாதையோடு செய்திருக்கிறார்கள்.

நான் அதைக் கடலூரில், பெரியப்பாவோடு பார்த்தேன். எங்கள் வீடு திருப்பாதிரிப்புலியூர். பேச்சு வழக்கில் திருப்பாப்புலியூர். பெரியப்பா கெட்டியான சைவர். சாயங்காலம் பாடலீஸ்வரர் கோயிலில் நாலு தேவாரம் பாடிவிட்டு வந்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். கமல் படம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர், 'சிதம்பரத்தைக் காட்டுறாங்களாமே' என்று வந்தார். நம்பியைச் சிலையோடு கட்டும் இடத்தில் என் பக்கம் குனிந்து, "டேய், இது நம்ம அப்பர் கதைடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்றில்லாமல், "ஆனா கட்டச் சொல்றவன் நெத்தியிலயில்ல திருநீறு இருக்கு?" என்றார். வீடு வரும்வரை வேறு எதுவும் பேசவில்லை.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்.

திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமணத்தில் சேர்ந்து, பாடலிபுத்திரம் என்ற சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு தலைவர் நிலைக்கு உயர்ந்தார். அந்தப் பாடலிபுத்திரம் எங்கள் திருப்பாதிரிப்புலியூர்தான். பிறகு அவருக்குச் சூலை நோய் வருகிறது. மடத்தில் செய்த வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. திருவதிகையில் சிவத்தொண்டு செய்துகொண்டிருந்த அக்கா திலகவதியாரிடம் போய், திருநீறு வாங்கிப் பூசி, முதல் பதிகம் பாடி, திருநாவுக்கரசர் ஆகிறார். மடத்துக்காரர்கள் பல்லவ மன்னனிடம் முறையிடுகிறார்கள். நீற்றறையில் ஏழு நாள் அடைக்கிறார்கள், நஞ்சு கலந்த பால்சோறு கொடுக்கிறார்கள், யானையை ஏவுகிறார்கள். எதுவும் பலிக்காமல் கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் எறிகிறார்கள். அவர் ஐந்தெழுத்தைப் பாட, கல் தெப்பமாக மிதந்து வந்து கரை சேர்கிறது. சேர்ந்த இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்று பேர். இன்றும் கடலூரில் இருக்கிறது. எங்கள் ஆயா இந்தக் கதையை எப்போதும் ஒரே மாதிரி முடிப்பாள்: "கல்லே மிதந்துச்சுப்பா, நீ பரீட்சைக்கு ஏன் பயப்படுற?"

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கடல். கல்லோடு கட்டப்பட்ட ஒரு பக்தர். ஐந்தெழுத்து பாடிய அப்பரின் கல் மிதந்தது. எட்டெழுத்து சொன்ன நம்பியின் கல் மூழ்கியது. படத்தை எழுதியவர்கள் தெரிந்தேதான் இப்படிச் செய்தார்கள் என்று நினைக்கிறேன். அப்பர் புராணத்தை எடுத்து, திருநீற்றை எதிர்ப்பக்க நெற்றிக்கு மாற்றி, அற்புதத்தை மட்டும் நீக்கிவிட்டார்கள். அற்புதத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கொலை. பெரியப்பாவை மௌனமாக்கியது அதுதான்.

ரங்கராஜ நம்பி கற்பனைப் பாத்திரம். ஆனால் சிலையைக் கடலில் போட்டது கற்பனையில்லை. இரண்டாம் குலோத்துங்கன் 1133 முதல் 1150 வரை ஆண்டவன். தில்லைக் கோயிலைப் பெருக்கிக் கட்டி, பொன் வேய்ந்தவன். அந்தத் திருப்பணியின்போது பெருமாளை எடுத்துக் கடலில் போட்டான் என்பது நமக்கு எப்படித் தெரிகிறது? எதிரிகள் சொல்லி இல்லை. அவனுடைய சொந்த அவைப்புலவர் ஒட்டக்கூத்தரே பாடி வைத்திருக்கிறார். விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் என்று மூன்று தலைமுறைச் சோழர்களுக்கு அவையில் இருந்தவர் அவர். இதை ஒரு குற்றமாகவே அவர் நினைக்கவில்லை. திருமாலுக்குக் கடல்தானே வீடு, அவருடைய வீட்டுக்கே அனுப்பிவைத்தான் மன்னன் என்ற தொனியில், விருதுப் பட்டியலில் இன்னொரு விருது மாதிரிச் சேர்த்துவிட்டுப் போகிறார்.

வைணவர்களின் நினைவில் இதே காலத்துக்கு வேறு நிறம். குருபரம்பரைக் கதைகளில் 'கிருமிகண்ட சோழன்' என்று ஒருவன் வருகிறான். அவனுக்குத் தப்பி ராமானுஜர் மேல்கோட்டைக்குப் போகிறார். அவர் இடத்தில் அரசவைக்குப் போன கூரத்தாழ்வான் கண்களை இழக்கிறார். அந்தச் சோழன் எந்தச் சோழன் என்பதில் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை. முதலாம் குலோத்துங்கன் என்பவர்கள் உண்டு, இரண்டாமவன் என்பவர்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர்கள் மன்னனின் பெயரை நினைவு வைக்கவில்லை. அவன் கழுத்தில் வந்த புழுவைத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

என்னை இந்தப் படத்திடம் திரும்பத் திரும்ப வரவைக்கும் விஷயம் இனிமேல்தான். பெரியபுராணம் எழுதிய சேக்கிழார் யாருடைய காலத்தவர்? 'அனபாயன்' என்று அவர் குறிப்பிடும் சோழன் இரண்டாம் குலோத்துங்கன்தான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அவனுக்கு அமைச்சராக இருந்தவர் சேக்கிழார். நூல் அரங்கேறியது சிதம்பரத்தில், ஆயிரங்கால் மண்டபத்தில். யோசித்துப் பாருங்கள். ஒரு மன்னன் தில்லையிலிருந்து ஒரு தெய்வத்தைக் கடலுக்கு அனுப்புகிறான். அதே மன்னனின் காலத்தில், அதே தில்லையில், இன்னொரு மன்னன் ஒரு பக்தனைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்த கதை காவியமாக அரங்கேறுகிறது. சபை உருகிக் கேட்கிறது. அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவருக்காவது பெரியப்பாவுக்கு வந்த அந்தச் சந்தேகம் வந்திருக்குமா?

'தசாவதாரம்' இந்த இடத்தைத் தொடவில்லை. அங்கேதான் அந்தப் பன்னிரண்டு நிமிடம் ஒரு படி கீழே நின்றுவிடுகிறது. நெப்போலியனின் குலோத்துங்கன் கண்ணை உருட்டும் வெறியன். சரித்திரத்தில் இருந்தவன் அப்படிப்பட்ட ஆளாகத் தெரியவில்லை. காவியம் கேட்பவன், கோபுரமும் மண்டபமும் எழுப்புபவன், ஒட்டக்கூத்தரையும் சேக்கிழாரையும் ஆதரித்தவன். ரசனை இல்லாத முரடன் கொடுமை செய்தால் நமக்குப் புரிகிறது. ரசனை உள்ளவன் செய்யும்போதுதான் உள்ளே ஏதோ இடறுகிறது.

இதற்கு இன்னொரு சாட்சி அப்பரைக் கடலில் போட்டதாகச் சொல்லப்படும் மன்னனே. சேக்கிழார் அவனைப் பல்லவன் என்கிறார். ஆய்வாளர்கள் முதலாம் மகேந்திரவர்மன் என்று அடையாளம் காண்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி என்றெல்லாம் தனக்குப் பட்டம் வைத்துக்கொண்டவன். விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்துவிட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டினேன் என்று கல்வெட்டில் பெருமையடித்துக்கொண்டவன். அதற்கும் மேலே, 'மத்தவிலாசம்' என்ற சமஸ்கிருத நகைச்சுவை நாடகத்தின் ஆசிரியன். காஞ்சிபுரம் தெருவில் குடித்துவிட்டு அலையும் ஒரு காபாலிகனின் கபாலம் தொலைந்துபோகிறது. புத்த பிக்கு திருடிவிட்டான் என்று சண்டை. பாசுபதன் ஒருவன் பஞ்சாயத்துக்கு வருகிறான். கடைசியில் பார்த்தால் கபாலத்தில் இருந்த கறிக்காக அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். எல்லா மதத்துச் சாமியார்களையும் போட்டு வாரியிருக்கிறான். ஆனால் மேடையில் ஒரு சமணப் பாத்திரம்கூடக் கிடையாது. அவன் அப்போது சமணனாக இருந்தான், அதனால்தான் விட்டுவிட்டான் என்று சொல்பவர்கள் உண்டு. நாடகம் எழுதும் அளவுக்குக் கிண்டல் தெரிந்த ஆள், ஒரு துறவியைக் கல்லில் கட்டச் சொல்லியிருப்பானா? புராணத்தை நம்பினால், சொல்லியிருக்கிறான்.

புராணம் அதோடு நிற்கவில்லை. கல் மிதந்ததைப் பார்த்து மன்னன் சைவனாகிறான். திருச்சி மலைக் குகைக் கல்வெட்டில் குணபரன் என்னும் மன்னன் வேறு நெறியிலிருந்து லிங்கத்தின் வழியாகத் திரும்பியதாக ஒரு வரி இருக்கிறது. அதை மகேந்திரன் மதம் மாறியதற்கு ஆதாரமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். மாறிய மன்னன் என்ன செய்தான்? சேக்கிழார் சொல்கிறார்: பாடலிபுத்திரத்தில் இருந்த சமணப் பள்ளிகளையும் பாழிகளையும் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டுபோய், திருவதிகையில் குணபரவீச்சரம் என்று ஒரு சிவன் கோயில் கட்டினான். பண்ருட்டி பக்கம் திருவதிகைக்குப் போனால் பெரிய வீரட்டானம் கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். குணபரேச்சுரம் சின்னது. தேடித்தான் போக வேண்டும்.

இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு தோழி ஞாபகம் வருகிறாள். கல்லூரியில் ஒன்றாகப் படித்தவள். திண்டிவனம் பக்கம் நயினார் குடும்பம். தமிழ்ச் சமணர்கள். நம் ஆட்களில் பலருக்குத் தமிழ் பேசும் சமணர்கள் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. செஞ்சி பக்கத்து மேல்சித்தாமூரில் அவர்களுக்கு மடமே இருக்கிறது. ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பொழுது சாய்வதற்கு முன் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் அம்மா ஐந்து மணிக்கே தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். பெரியப்பா வழக்கம்போல அப்பர் கதையை உற்சாகமாகச் சொன்னார். அவள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நல்லா சொல்றீங்க பெரியப்பா. ஒரே ஒரு சந்தேகம். மடத்தை இடிச்சாங்கன்னு உங்க புத்தகத்துலயே இருக்கே, அந்த மடம் எந்த இடத்துல இருந்துச்சு?" என்றாள். பெரியப்பாவுக்குப் பதில் தெரியவில்லை. பாடலீஸ்வரர் கோயில் எங்கே என்று கேட்டால் ஊரில் பச்சைக் குழந்தையும் காட்டும். கரையேறவிட்ட குப்பத்துக்கு ஆட்டோக்காரர் வழி சொல்வார். மடத்துக்கு மட்டும் எங்களிடம் வழி இல்லை.

அந்த மடம் சாதாரண இடமில்லை. 'லோகவிபாகம்' என்று ஒரு சமண நூல் இருக்கிறது. உலகத்தின் அமைப்பைப் பற்றியது. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகை என்னும் ஊரில் எழுதியதாக அந்த நூலே சொல்கிறது. அந்தப் பாடலிகை திருப்பாதிரிப்புலியூர் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. சர்வநந்தி எழுதிய பிராகிருத மூலம் கிடைக்கவில்லை. பின்னால் சிம்மசூரி செய்த சமஸ்கிருத வடிவம்தான் கைக்கு வந்திருக்கிறது. கணித வரலாறு எழுதுபவர்கள் இந்த நூலை விடாமல் குறிப்பிடுவார்கள். பூஜ்ஜியத்தை வைத்து, இட மதிப்பு முறையில் எண்களைச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் அது ஒன்று. தருமசேனர் போய்ச் சேர்வதற்கு நூறு, நூற்றைம்பது வருடம் முன்பே எங்கள் ஊரில் ஒருவர் உட்கார்ந்து உலகத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். நான் பன்னிரண்டாவது வரை அங்கேதான் படித்தேன். ஒரு கணக்கு வாத்தியாரும் இதைச் சொன்னதில்லை.

2006இல் மிலோஷ் ஃபோர்மன் 'கோயாஸ் கோஸ்ட்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார். 'அமேடியஸ்' எடுத்தவர். இந்தப் படத்தை விமர்சகர்கள் அப்போது தூக்கிப் போட்டுவிட்டார்கள். ஸ்பெயினின் மத விசாரணைக் காலம். அரசவை ஓவியர் கோயா, லொரென்சோ என்ற விசாரணைத் துறவியையும் வரைகிறார், இனெஸ் என்ற வணிகர் மகளையும் வரைகிறார். ஒரு விடுதியில் பன்றிக்கறி சாப்பிட மறுத்தாள் என்பதற்காக, ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றுகிறாள் என்று இனெஸைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சித்திரவதை. வருடக்கணக்கில் சிறை. பிறகு நெப்போலியனின் படை வருகிறது. அதே லொரென்சோ இப்போது புரட்சிக்காரனாக, பழைய விசாரணை அதிகாரிகளை விசாரிக்க வருகிறான். சட்டை மாறுகிறது, நாற்காலி மாறவில்லை. கோயா எல்லாவற்றையும் வரைந்துகொண்டே இருக்கிறார். அவர் நல்லவரா, கோழையா என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. அரசனிடம் சம்பளம் வாங்குகிற கலைஞனின் கண்ணை மட்டும் காட்டுகிறது. எதைப் பார்த்தாலும் அந்தக் கண் பதிவு செய்துகொள்ளும்.

அந்தப் படத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு ஒட்டக்கூத்தர் புரிந்தார். சேக்கிழாரும். ஒட்டக்கூத்தர் மன்னனைப் புகழ்கிறேன் என்று நினைத்துப் பாடி வைத்தார். எண்ணூறு வருடம் கழித்து, மன்னனுக்கு எதிரான முதல் சாட்சி அவருடைய பாட்டுதான். அந்தச் செய்தி மட்டும் இல்லையென்றால் கமல் அந்தக் காட்சியை எதை வைத்து எழுதியிருப்பார்? சேக்கிழார் சிவனடியார் பெருமையைச் சொல்லத்தான் மடம் இடித்த கதையைச் சொன்னார். இன்று அந்த மடம் இடிபட்டது என்று நாம் சொல்வதற்கு அவர் ஒருவரே ஆதாரம். ஜெயித்தவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பாட்டிலும் தோற்றவன் எப்படியோ உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறான். கலையை நான் நம்புவது இந்த ஒரு காரணத்துக்காக. கவிஞர்கள் நியாயவான்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அழகான ஒரு விவரம் கிடைத்தால் அதை அவர்களால் விட முடிவதில்லை. அந்த விவரம் பிற்காலத்தில் யாருக்குச் சாட்சி சொல்லும் என்பது அவர்கள் கையிலும் இல்லை, மன்னர்கள் கையிலும் இல்லை.

பெரியபுராணம் பிறந்த கதையே இதற்குள் அடக்கம். 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் பாடிய சேக்கிழார் புராணத்தின்படி, சோழ மன்னன் 'சீவக சிந்தாமணி'யில் மயங்கிக் கிடந்தான். சமணர் திருத்தக்கதேவர் எழுதிய காவியம். அமைச்சர் சேக்கிழாருக்கு அது பொறுக்கவில்லை. அதை விட்டுவிட்டு அடியார்கள் கதையைக் கேளுங்கள் என்றார், பாடியும் கொடுத்தார். ஒரு சமணக் காவியத்தை அரசன் மடியிலிருந்து இறக்கத்தான் பெரியபுராணம் எழுந்தது. பிறகு 1887இல் அந்தச் சிந்தாமணியைச் சுவடிகளிலிருந்து மீட்டு அச்சில் ஏற்றியது யார்? திருவாவடுதுறை சைவ மடத்தில் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட உ.வே.சாமிநாதையர். திருநீறு பூசிய நெற்றியோடு கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய், அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டுப் பொருள் தெரிந்துகொண்டார். பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பாரு, அதுவும் நம்ம ஆளுதான்" என்றார்.

'தசாவதார'த்தின் முடிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலில் போட்ட பெருமாள் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கரைக்கு வந்து கிடக்கிறார். ஆயிரம் வருடத்துக்கு அருகில் மூழ்கிக் கிடந்த கல், கடைசியில் கரையேறுகிறது. அப்பர் கதையின் மிச்சப் பாதி. திரைக்கதையாக அது கச்சிதமான வட்டம்தான். ஆனால் நாங்கள் அதைப் பார்த்தது கடலூரில். சுனாமி நடந்து மூன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனார்கள். தேவனாம்பட்டினத்தில் என் வகுப்புப் பையன் ஒருவன் தங்கையை இழந்திருந்தான். திரையில் அலை எழும்பியபோது அதுவரை விசிலடித்துக்கொண்டிருந்த தியேட்டர் அப்படியே அடங்கிப் போயிற்று. பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து வெளியே போனார். வெளியில் காவலாளியிடம் தண்ணீர் கேட்கும் சத்தம் உள்ளே கேட்டது. சாமி திரும்பி வருவதற்கு இத்தனை பேர் போக வேண்டுமா என்று படமும் ஒரு கேள்வியை வைக்கத்தான் செய்கிறது. ஆனால் கேட்டுவிட்டு, கிராஃபிக்ஸ் அலைக்குள் ஒளிந்துகொள்கிறது. நம்பி செத்தபோது படம் எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. அங்கே அதற்குத் தைரியம் இருந்தது. முடிவில் அது ஒரு கணக்கை நேர் செய்யப் பார்க்கிறது. கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு நேராகவில்லை.

நிஜத்திலும் கணக்கு அவ்வளவு சுலபமாக நேராகவில்லை. கோவிந்தராஜரை 1539இல் விஜயநகர மன்னர் அச்சுத தேவராயர் சிதம்பரத்தில் மறுபடி பிரதிஷ்டை செய்தார். சுமார் அறுபது வருடம் கழித்து, செஞ்சி கிருஷ்ணப்ப நாயக்கர் அந்தச் சன்னதியைப் பெருக்கிக் கட்ட முனைந்தபோது, எதிர்த்த தீட்சிதர்கள் கோபுரத்திலிருந்து குதித்து உயிரை விட்டார்கள். அந்தச் சமயம் அந்தப் பக்கம் வந்திருந்த பிமென்டா என்ற ஜெசூட் பாதிரியார் இதை எழுதி வைத்திருக்கிறார். இருபது பேர் வரை செத்ததாகச் சொல்கிறார். இப்போது பலம் நாயக்கர் கையில், உடல் தீட்சிதர்களுடையது. லொரென்சோவின் நாற்காலி மாதிரிதான்.

இன்றைக்குச் சிதம்பரம் போனால் ஒரே இடத்தில் நின்று நடராஜரையும் கோவிந்தராஜரையும் பார்க்கலாம். கைடுகள் அந்த இடத்தைக் காட்டி, சைவ வைணவ ஒற்றுமை சார் என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒற்றுமைக்குக் கீழே என்னென்ன கிடக்கிறது என்று தெரிந்துகொண்டு நின்றால் அந்த இடம் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. 'பொன்னியின் செல்வன்' வந்த பிறகு சோழர் என்றாலே பொன்னும் கொடியும் முழக்கமும்தான். கேள்வி கேட்டால் தமிழ்த் துரோகி. இந்தச் சூழலில் பெரிய பட்ஜெட் தமிழ்ப் படம் ஒன்று சோழ மன்னனைக் கொடுமைக்காரனாகக் காட்டிய பன்னிரண்டு நிமிடத்தை இன்று யாராவது எடுக்க முடியுமா என்று தெரியவில்லை. அப்போதே, மத மோதலைக் கிளறும் என்று வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். படம் நிற்கவில்லை.

நம் மனதில் இருக்கும் அப்பர் 1967இல் ஏ.பி. நாகராஜனின் 'திருவருட்செல்வ'ரில் வந்த சிவாஜிதான். தள்ளாத வயது, கையில் உழவாரம். காஞ்சிப் பெரியவரை மனதில் வைத்து அந்தத் தோற்றத்தைச் செய்ததாகச் சிவாஜியே சொல்லியிருக்கிறார். அற்புதமான நடிப்பு. ஆனால் அந்த முதியவருக்குள் ஒரு தருமசேனர் இருந்தார். எங்கள் ஊரில், இப்போது யாராலும் இடம் காட்ட முடியாத ஒரு கட்டடத்தில், பல வருடம் படித்தார், கற்பித்தார். அவருக்கு அங்கே நண்பர்கள் இருந்திருப்பார்கள். வயிற்று வலியில் அவர் துடித்த இரவுகளில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

அவர் மடத்தை விட்டுக் கிளம்பியது ஓர் இரவில், யாருக்கும் தெரியாமல் என்கிறார் சேக்கிழார். உடம்பைச் சுற்றியிருந்த பாயை விட்டார், உறியில் தொங்கிய குண்டிகையை விட்டார், மயிற்பீலியை விட்டார், வெள்ளை உடுத்திக்கொண்டு திருவதிகைக்கு நடந்தார். புராணம் அவரோடு போய்விடுகிறது. போகத்தானே செய்யும், அது அவருடைய கதை. யாராவது ஒருவர் அந்தக் கேமராவை மடத்திலேயே விட்டுவைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். விடிகிறது. ஒரு இளம் சமணத் துறவி அவரைத் தேடிக்கொண்டு வருகிறான். பாய் கிடக்கிறது. பீலி கிடக்கிறது. குண்டிகையில் தண்ணீர் இன்னும் இருக்கிறது.